கண் திறந்திருந்த நேரத்துக்கான கட்டணம்

1994ஆம் ஆண்டு பங்குனி மாதம் தொடங்கி, வெக்ஸ்போர்ட்டில் இருந்த ஒரு சின்னக் கொம்பனியின் அணுப்பொருள் இறக்குமதி விண்ணப்பங்களைக் கையில் எடுத்த அரசாங்க உத்தியோகத்தர்கள் அத்தனை பேரும் இரண்டாம் பக்கத்தின் ஏழாவது வரியில் நித்திரையானார்கள். சராசரி பதினொரு மணித்தியாலம். அந்தக் கிழமை நாலு லீற்றர் பால் மூன்று டொலர் எண்பது சதம் விற்றது. பனி முழங்கால் அளவு கிடந்தது. வேறு புதினம் இல்லை.

கொம்பனி செல்வரட்ணத்துடையது. எழுபதுகளில் இந்தப் பனி நாட்டுக்கு வந்து குடியேறிய எஞ்சினியர். காகித ஆலைகளில் தாளின் தடிப்பை அளக்கும் கருவிகளை வெளிநாட்டிலிருந்து இறக்கி விற்றார். ஒவ்வொரு கருவிக்குள்ளும் ஓர் ஈயக் குடுவை, குடுவைக்குள் மிளகளவு கதிர்வீச்சுப் பொருள். மிளகால் ஒரு தொல்லையும் இல்லை, ஈயம்தான் நாற்பத்திரண்டு கிலோ. அதைத் தூக்கியவர் அமிர்தநாதர். மன்னாரில் உப்பு மூட்டையும் கொழும்பில் சீமெந்து மூட்டையும் தூக்கிப் பழகிய முதுகு அவருடையது. ஒவ்வொரு கருவிக்கும் தனி அனுமதி எடுக்க வேண்டும். கூரியருக்குக் காசு கொடுக்க மனம் வராத செல்வரட்ணம், விண்ணப்பத்தை அமிர்தநாதரின் கையில் கொடுத்து, பஸ்ஸும் சப்வேயுமாக டவுன்ரவுணுக்கு அனுப்புவார். அமிர்தநாதர் அதைச் சேட்டுக்குள் நெஞ்சோடு வைத்திருந்த பிளாஸ்ரிக் பைக்குள் செருகிக்கொள்வார். அந்தப் பைக்குள் ஏற்கெனவே மனைவி அன்ரனெற்றையும் மகள் நிரோஷினியையும் எடுப்பதற்குப் போட்ட ஸ்பொன்சர் பைலின் பிரதிகள் முழுதும் இருந்தன. சென் ஜேம்ஸ் ரவுணில் அவரோடு சேர்த்து ஓர் அறைக்குள் ஐந்து பேர் இருந்தார்கள். அங்கே வைத்துவிட்டுப் போனால் எவனாவது அதன்மேல் பாணை வைத்து வெட்டுவான் என்பது அவருக்கு நிச்சயம்.

அதுவரை இந்த விண்ணப்பங்களுக்குக் கட்டணம் இருக்கவில்லை. அனுமதி கேட்பவனே அதன் செலவையும் ஏற்கட்டும் என்று அரசாங்கம் அந்த வருடம் முடிவெடுத்தது. எவ்வளவு என்பதை அறிய, ஒவ்வொரு விண்ணப்பத்தையும் வாசிக்க எவ்வளவு நேரம் போகிறதென்று இரண்டு வருடம் அளந்து பார்க்கச் சொன்னது. அளக்கும் பொறுப்பு டொறத்தி என்ற அம்மாவிடம் வந்தது. ஐம்பத்தாறு வயது, தடித்த கண்ணாடி, ஒரு சதம் பொய் எழுதாத கை. பைலைத் திறக்கும்போது மேசை மணிக்கூட்டை அமத்துவார், மூடும்போது திரும்பவும் அமத்துவார். பெரிய ஆஸ்பத்திரிகளின் விண்ணப்பம் இரண்டு மணித்தியாலத்தில் முடிந்தது. செல்வரட்ணத்தின் விண்ணப்பத்தைப் பின்னேரம் திறந்தவர் மறுநாள் விடியத்தான் எழும்பினார். கன்னத்தில் ரப்பர் முத்திரையின் அச்சு விழுந்திருந்தது. பதினொரு மணி இருபது நிமிடம் என்று எழுதினார். அடுத்ததை ஓர் இளம் உத்தியோகத்தருக்குக் கொடுத்துப் பார்த்தார். அவனும் பத்து மணித்தியாலம் விழுந்து கிடந்தான். அதன்பிறகு மற்றவர்களை அலைக்கழிப்பானேன் என்று எல்லாவற்றையும் தன் மேசைக்கே எடுத்துக்கொண்டார்.

அந்த நித்திரையில் ஒரே கனவுதான். சுவரில் பதினாலு என்று எழுதிய ஒரு சின்ன அறை. இரண்டு கட்டில், மூடினாலும் ஒழுகும் குழாய், பென்சிலால் சுவரில் மீன் கீறும் ஒரு சிறுமி. டொறத்தி அந்தக் கட்டிலில் இருந்து தபால்காரனுக்காகக் காத்திருந்தார். உடுப்புத் தோய்த்தார். ஒரு நாள் பொலிஸ்காரன் கதவைத் தட்டி அடையாள அட்டை கேட்டான். எடுத்துக் கொடுத்துவிட்டு நித்திரையால் எழும்பியவர், தன் கைப்பையைத் திறந்து அடையாள அட்டை இருக்கிறதா என்று பார்த்தார். அடுத்த முறை அமிர்தநாதர் பைலோடு வந்து கவுண்டரில் நின்றபோது, உம்முடைய ஆட்கள் எங்காவது ஒழுகும் குழாயுள்ள அறையில் இருக்கிறார்களா என்று கேட்டார். அமிர்தநாதர் நேரே போய், போன் கார்ட் வாங்கி, மனைவியும் மகளும் விசாவுக்காகக் காத்திருந்த கொழும்பு, கொட்டாஞ்சேனை லொட்ஜுக்கு அடித்தார்.

"ஓம், ஒழுகுது. முதலாளிட்டச் சொல்லிச் சொல்லி வாய் உளைஞ்சு போச்சு," என்றாள் அன்ரனெற். "ஆனா இஞ்சேருங்கோ, சில நாள் எனக்கு நேரம் போறதே தெரியேல்லை. காலமை இருப்பன், பாத்தா பொழுதுபட்டிருக்கு. உடுப்புத் தோய்ச்சபடி இருக்கும். மூக்கில கண்ணாடி போட்ட மாதிரி ரெண்டு தழும்பு. நான் எங்க கண்ணாடி போடுறன்? அந்த நாளையில நான் எதுக்கெடுத்தாலும் 'சொறி, சொறி' எண்டு இங்கிலீசில சொல்லுறனாமெண்டு நிரோஷினி சிரிக்கிறாள்."

அமிர்தநாதர் திகதிகளைக் கேட்டார். அவர் பைல் கொண்டுபோன திகதிகள்தான். விளங்கியது. இங்கே டொறத்தி படுத்த நேரமெல்லாம் அங்கே அன்ரனெற் காத்திருக்கவில்லை. அவளுக்குப் பதிலாக டொறத்தி காத்திருந்திருக்கிறார். அமிர்தநாதர் இதற்காக மெழுகுதிரி கொளுத்தவில்லை. ஒரு மூட்டையை இரண்டு பேர் தூக்கினால் பாரம் குறையும், அவ்வளவுதான் என்று விட்டார்.

1995 புரட்டாதியில் உத்தேசக் கட்டணம் தபாலில் வந்தது. சிறு இறக்குமதியாளர் என்ற வகையில் மாகாணம் முழுக்க செல்வரட்ணத்தின் கொம்பனி ஒன்றுதான். ஆகவே டொறத்தி படுத்த மணித்தியாலங்களைத் தொண்ணூறு டொலரால் பெருக்கியிருந்தார்கள். ஒரு விண்ணப்பத்துக்கு ஏறக்குறைய ஆயிரம் டொலர். செல்வரட்ணம் கடிதத்தை மூன்று முறை வாசித்தார். அவருக்கு நித்திரை வரவில்லை.

"அமிர்தம், உது சரிவராது. ஒரு கருவியில எனக்கு நிக்கிறதே எண்ணூறு. கதவைப் பூட்டிப்போட்டுப் போகவேண்டியதுதான். உன்ர வேலைக் கடிதத்தையும் பிறகு ஆரிட்டயாவது போய்க் கேள்."

வேலைக் கடிதம் இல்லாவிட்டால் ஸ்பொன்சர் பைல் நிற்காது என்பது இருவருக்கும் தெரியும். ஆகவே தன் பைக்குள் இருந்து போவதால்தான் நித்திரை வருகிறதென்று அமிர்தநாதர் சொல்ல, அடுத்த விண்ணப்பம் தபாலில் போனது. செல்வரட்ணம் முத்திரைக் காசைத் தன் பொக்கற்றிலிருந்தே எடுத்தார், அதுவே அந்தக் கொம்பனியில் ஓர் அதிசயம். டொறத்தி அதை நாற்பது நிமிடத்தில் வாசித்து முடித்தார். எல்லாம் சரிவந்துவிட்டதென்று செல்வரட்ணம் எல்லோருக்கும் ரிம் ஹோர்ட்டன்ஸ் கோப்பி வாங்கிக் கொடுத்தார்.

அந்த நாள் கொழும்பில் தமிழர் இருந்த லொட்ஜுகளில் பொலிஸ் சோதனை நடந்தது. அன்ரனெற்றையும் பிள்ளையையும் காலை ஆறு மணிக்கு ஸ்ரேசனுக்குக் கொண்டுபோய், இரவு ஒன்பதுக்கு விட்டார்கள். அடிக்கவில்லை. ஒரு வாங்கில் இருத்தி வைத்திருந்தார்கள். அன்ரனெற் போனில் அழவில்லை.

"இண்டைக்கு ஒவ்வொரு மணித்தியாலமும் நான்தான் இருந்தனான்," என்றாள்.

அமிர்தநாதர் இரண்டு நாள் ஈயக் குடுவைகளைத் தூக்கிக்கொண்டே யோசித்தார். பைலைக் கையில் கொண்டுபோனால் கட்டணம் ஏறும், கொம்பனி மூடும், அவள் வரமாட்டாள். தபாலில் போட்டால் வருவாள். ஆனால் அதுவரை முழு நேரத்தையும் தனியே இருந்து கழிக்க வேண்டும். எந்தப் பக்கம் பிடித்துத் தூக்கினாலும் முதுகு முறியும். மூன்றாம் நாள் டவுன்ரவுணுக்குப் போய், தெரிந்த இங்கிலீசில், கூட்டாமல் குறைக்காமல் எல்லாவற்றையும் டொறத்தியிடம் சொன்னார். டொறத்தி கேட்டு முடித்து, மணிக்கூடு காட்டாத நேரத்தைத் தன்னால் பொய்யாக எழுத முடியாது, ஆனால் மேலிடத்தில் கேள்வி கேட்க முடியும் என்றார்.

கேள்வி ஒரு பந்தியில் போனது: நித்திரை கொண்ட நேரம் வாசித்த நேரமா? எட்டுப் பேர் கொண்ட குழு நாலு மாதம் கூடியது. இரண்டு வழக்கறிஞர்கள் வந்தார்கள். ஒருவர், பைல் திறந்திருந்தால் அது வேலைதான் என்றார். மற்றவர், கண் மூடியிருந்தால் அது வேலையல்ல என்றார். நித்திரை ஏன் வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. அது அவர்களுடைய ஆணைக்குள் அடங்கவில்லை. 1996 வைகாசியில் முடிவு வந்தது. உத்தியோகத்தரின் கண் திறந்திருந்த நேரத்துக்கு மட்டுமே கட்டணம். சிறு இறக்குமதியாளருக்கு விண்ணப்பமொன்றுக்கு அறுபது டொலர், திருப்பித் தரப்படமாட்டாது. கண் மூடியிருந்த நேரம் அந்த உத்தியோகத்தரின் வருடாந்த விடுமுறையில் கழிக்கப்படும்.

அமிர்தநாதர் விண்ணப்பத்தைத் திரும்பவும் சேட்டுக்குள் வைத்துக் கொண்டுபோனார். இனி அம்மாவுக்குத்தான் நட்டம், வேண்டாமென்றால் தபாலில் போடுகிறேன் என்று கவுண்டரில் நேரே சொன்னார். டொறத்தி கையை நீட்டி வாங்கினார். அந்தக் கோடையில் அவர் வழக்கமாகப் போகும் ஏரிக்கரைக் கொட்டேஜுக்குப் போகவில்லை. அக்கா கோபித்துக்கொண்டார். மார்கழிக்குள் இருபத்திரண்டு நாள் விடுமுறையும் முடிந்தது. கடைசி இரண்டு பைலையும் சம்பளமில்லாத லீவில் படுத்து முடித்தார். அந்த மாதங்களில் இரண்டு தடவை லொட்ஜில் சோதனை வந்தது. இரண்டு தடவையும் அறை பதினாலில் இருந்த பெண், பொலிஸ்காரனைப் பார்த்துச் "சொறி" என்றாள். என்ன செய்வதென்று தெரியாமல் அவர்கள் அடுத்த கதவுக்குப் போனார்கள்.

1997 தை பதினெட்டாம் திகதி அன்ரனெற்றும் நிரோஷினியும் பியர்சன் விமான நிலையத்தில் இறங்கினார்கள். அடுத்த திங்கட்கிழமை அன்ரனெற் கேட்டது டவுன்ரவுண் கந்தோருக்குக் கூட்டிப்போகும்படிதான். கவுண்டரில் இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் அறிமுகம் செய்துகொள்ளவில்லை. தேவைப்படவில்லை. டொறத்தி, குழாயைத் திருத்தினார்களா என்று கேட்டார். இல்லை என்று அன்ரனெற் தலையாட்டினாள். பிறகு புருஷனைப் பார்த்தாள்.

"அம்மாட்டச் சொல்லுங்கோ, இனி ஆருக்காகவும் படுக்கிறதெண்டா கண்ணாடியைக் கழட்டிப்போட்டுப் படுக்கச் சொல்லி. மூக்கு மூண்டு வருஷமா நோகுது."

அமிர்தநாதர் மொழிபெயர்த்தார். டொறத்தி அதை ஒரு துண்டில் எழுதி, மணிக்கூட்டின் கீழே ஒட்டிக்கொண்டார்.

அதன்பிறகு அமிர்தநாதர் கொண்டுபோன விண்ணப்பங்களில் ஒருவரும் நித்திரையாகவில்லை. கட்டணம் அறுபதாகவே இருந்தது. மாசியில் அவருடைய முதுகு விழுந்தது. குடுவை தூக்க யூசுப் என்ற சோமாலியாக்காரனைச் செல்வரட்ணம் வேலைக்கு எடுத்தார். அவனுடைய தாய் கென்யாவில் ஓர் அகதி முகாமில் இருந்தாள். அவள் பெயரில் போட்ட பைலை அவன் ஜக்கற்றுக்குள் வைத்துக்கொண்டு திரிந்தான். பங்குனி நாலாம் திகதி செல்வரட்ணம் கொடுத்த விண்ணப்பத்தையும் அதற்குள்ளேயே செருகிக்கொண்டு போய்க் கவுண்டரில் நீட்டினான். காகிதம் கொஞ்சம் சூடாக இருந்தது, ஓரத்தில் சிவப்பு மண். டொறத்தி அறுபது டொலருக்கு ரசீது வெட்டிக் கொடுத்தார். புது வருடத்துக்கான தன் விடுமுறையில் எத்தனை நாள் இருக்கிறதென்று கலண்டரைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டு, எழுத்துத் தெரிவதற்காகப் பைலை மூக்குக்குக் கிட்டே பிடித்துக்கொண்டு இரண்டாம் பக்கத்தைத் திருப்பினார்.