மாமனார் வாய் திறக்காத மாலை

கல்யாணமான இரண்டு வருடத்தில் மாமனார் மாமியாரை அவன் முதன்முறையாக வெளியூருக்கு அழைத்து வந்திருந்தான். அவன் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவன். விடுப்பு கிடைப்பது குதிரைக் கொம்பு. கூட்டம் வராத பருவம் என்பதால் அந்தக் கடலோர ஊர் அமைதியாக இருந்தது. மத்தியானம் சாப்பாட்டுக் கடையில்கூட இவர்கள் நாலு பேர்தான்.

மாமனார் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். வண்டி இரைச்சலுக்கு மேல் கத்திப் பழகிய தொண்டை, வீட்டிலும் சும்மா இருக்காது. பொரித்த மீனைப் பிய்த்து வாயில் போட்டபடியே, மலைப்பாதையில் பிரேக் பிடிக்காமல் போன பழைய கதையை ஆரம்பித்தார்.

"இந்தக் கதைக்கு டிக்கெட் எடுத்தே என் சம்பளம் கரைஞ்சிருச்சு மாமா" என்றான் அவன்.

மனைவியும் மாமியாரும் சிரித்தார்கள். மாமனார் சட்டென்று நிறுத்தினார். தட்டைத் தள்ளிவிட்டுக் கை கழுவப் போனவர், திரும்பி வந்தும் பேசவில்லை.

தன் கேலி அவரைப் புண்படுத்திவிட்டதோ என்று அவன் பயந்தான். அப்பாவுக்கு ரோஷம் அதிகம், ஒருமுறை சித்தப்பாவோடு ஆறு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று மனைவி காதோரம் சொன்னது, எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்த்தது போலிருந்தது. கடற்கரையில் ஐஸ்கிரீம் வாங்கி நீட்டினான். அவர் தலையசைத்து மறுத்தார். பிரேக் கதையை முதலிலிருந்து சொல்லுங்கள் என்று கெஞ்சிக்கூடப் பார்த்தான். அவர் கையை மட்டும் ஆட்டிவிட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டார். இனி இந்த மனிதர் தன் வீட்டு வாசலை மிதிக்கமாட்டார் என்றே அவன் முடிவு கட்டிவிட்டான்.

பொழுது சாயும்போது விடுதி வராந்தாவில் மாமனாரின் டீ ஆறிக் கிடந்தது. எச்சிலைக்கூட விழுங்காமல் அவர் கைக்குட்டையில் துப்புவதை மாமியார்தான் கவனித்தார். பிடுங்கிப் பார்த்தால் ரத்தத் திட்டு.

"முள்ளா?"

தப்பு செய்து மாட்டிக்கொண்ட பையனைப் போல அவர் தலையாட்டினார்.

தெருக்கோடியில் இருந்த கிளினிக்கைப் பூட்டப் போன டாக்டரை, ஓடிப்போய் நிறுத்தினார்கள். இன்னும் கீழே இறங்கியிருந்தால் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டே டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். மாமனாரின் கையை அவன் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். இடுக்கி இரண்டு தடவை வெறுமனே வந்தது. ஒவ்வொரு தடவையும் அவர் உடம்பு குலுங்கியது. மூன்றாவது தடவை, நகத்துணுக்கு அளவு முள் தட்டில் விழுந்தது.

மாமனார் கரகரத்த குரலில் பேசினார். "ஆசையா கூட்டிட்டு வந்தீங்க மாப்பிள்ளை. முள்ளு குத்திருச்சுன்னு சொன்னா எல்லாரும் பெட்டியக் கட்டிருவீங்க. தானா இறங்கிரும்னு பாத்தேன்."

"நான் சொன்னதுக்குத்தான் கோவமோன்னு நெனச்சேன் மாமா."

"என்ன சொன்னீங்க?"



விடுதிக்குத் திரும்பும் வழி நெடுக மாமியார் திட்டிக்கொண்டே வந்தார். மகளும் அம்மாவோடு சேர்ந்துகொண்டாள். டாக்டர் அறையில் பிடித்த மாமனாரின் கையை, அவன் இன்னும் விடாமலே நடந்துகொண்டிருந்தான்.