இரும்பாண்டியின் அப்பா

அன்றைக்கு மண்டபத்தில் இருந்தவர்கள்: டி.வி.யையும் வீடியோ டெக்கையும் ராஜபாளையத்திலிருந்து வேனில் ஏற்றிவந்த கேபிள்காரர் சாகுல் ஹமீது. மைக்கோடு ஸ்டூலில் சுயம்புலிங்கம். அவன் பெண்டாட்டி பரிபூரணம், கடைசி வரிசையில், நினைத்தால் எழுந்து போக வசதியாக ஓரத்து நாற்காலியில். அவர்கள் மகள் ஜெயபாய், எட்டு வயது, முன்னால் ஜமுக்காளத்தில். அவளைச் சுற்றி ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பிள்ளைகள், எண்ண முடியாத அளவுக்கு. பிள்ளைகளைச் சாக்கிட்டு ஃபேன் காற்றுக்கு வந்த பெரியவர்கள் கொஞ்சம் பேர். மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை, காலை நேரம்.

சுயம்புலிங்கம் நைட் ஷிப்ட் முடிந்து மில்லிலிருந்து நேராக வந்திருந்தான். புருவத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. காதுக்குள் மெஷின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"ஏலே, படத்தைப் போட்டுப் பார்த்தியா?" என்றார் சாகுல் ஹமீது.

"பார்த்தேன் பாய்."

பார்க்கவில்லை. கேசட்டைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு நேற்றுப் பகல் முழுக்கத் தூங்கினான்.

அவன் எதையும் பார்த்துவிட்டுப் பேசுகிறவன் இல்லை. சாகுல் ஹமீதின் கேபிளில் ஞாயிறுதோறும் ஒரு வெளிநாட்டு ரோபோ கார்ட்டூன் ஓடியது. இங்கிலீஷ் யாருக்கும் விளங்கவில்லை. அதே கேபிளில் ஜவுளிக்கடை விளம்பரம் படித்துக்கொண்டிருந்த சுயம்புலிங்கம் ஒருநாள் சத்தத்தை அமர்த்திவிட்டு மைக்கில் தமிழில் பேச ஆரம்பித்தான். அவனுக்கும் இங்கிலீஷ் தெரியாது. வாய் அசைகிற வரைக்கும் பேச வேண்டும், மூடினால் நிறுத்த வேண்டும், அவ்வளவுதான் தொழில். ரோபோவுக்கு இரும்பாண்டி என்று பெயர் வைத்தான். ஒருமுறை இரும்பாண்டி வானத்தைப் பார்த்தபடி வெகுநேரம் சும்மா நின்றது. சும்மா விட்டால் கேபிள் கட்டாகிவிட்டது என்று ஜனங்கள் சாகுல் ஹமீதின் கடைக்குப் போன் போடுவார்கள். அதனால், "என்னையச் செஞ்ச அப்பா ஒருநாள் வருவாரு" என்று இட்டுக்கட்டிவிட்டான். அதைப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். சேத்தூரிலிருந்து வந்து கடை வாசலில் நின்றுகொண்டு, அப்பா எப்ப வருவாரு என்று கேட்டார்கள். ஒரு வருஷமாக வருவாரு வருவாரு என்றே ஓட்டினான்.

இப்போது அந்த ரோபோ எப்படி உண்டானது என்று முழுநீளப் படமே வந்துவிட்டது. மெட்ராஸிலிருந்து கேசட் வரவழைத்த சாகுல் ஹமீது, 'இரும்பாண்டி பிறந்த கதை' என்று தட்டி எழுதி வைத்தார். அப்பா வருகிறார் என்று கீழே ஒரு வரியும் சேர்த்தார்.

"இன்னைக்கு நல்லாப் பேசு மாப்ளே. ஸ்ரீவில்லிபுத்தூர்லயும் கேபிள் இழுக்கப் போறேன். கன்ட்ரோல் ரூம்ல ஒனக்குப் பகல் வேலை. மில்லுக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு வந்துரு."

சுயம்புலிங்கத்துக்கு வேண்டியது அந்தப் பகல் வேலைதான். நைட் ஷிப்ட்டை விட்டால் திரும்பி வாரேன் என்று பரிபூரணம் சொல்லியிருந்தாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் அம்மாவுக்கு உடம்புக்கு முடியாமல் கான்சாபுரம் போனபோது, பிள்ளையை ஒரு ராத்திரி இவனிடம் விட்டுப் போனாள். மில்லில் லீவு கொடுக்கவில்லை. பக்கத்து வீட்டில் கேட்க இவனுக்குக் கூச்சம். பிள்ளையைப் படுக்க வைத்துவிட்டு வெளியே பூட்டிக்கொண்டு போய்விட்டான். காலையில் வந்து திறந்தபோது ஜெயபாய் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். பரிபூரணம் சண்டை போடவில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு, பிள்ளையோடு ஸ்ரீவில்லிபுத்தூரில் அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

படம் ஓடியது. ஒரு கண்ணாடிக்காரக் கிழவர் பழைய இரும்புக் கொட்டகையில் தகரத்தையும் பல்சக்கரத்தையும் சேர்த்து ரோபோ செய்தார். "ஏலே இரும்பாண்டி, கண்ணைத் தொற" என்றான் சுயம்புலிங்கம். கண் திறந்தது. மண்டபம் அதிர்ந்தது. கிழவருக்கும் அவன்தான் பேசினான், இரும்பாண்டிக்கும் அவன்தான், இடையில் வந்த பூனைக்கும் அவன்தான். பெரியவர்கள்கூடச் சிரித்தார்கள். சாகுல் ஹமீது வெற்றிலை போட்டுக்கொண்டார்.

பாதிப் படத்துக்குமேல் இவனுக்குக் கண் செருகியது. மைக்கில் நெற்றியை இடித்துக்கொண்டு விழித்தான். திரையில் ராத்திரி, மழை. கிழவர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். இரும்பாண்டி அவர் கோட்டைப் பிடித்தது. கிழவர் குனிந்து அதன் தலையில் கைவைத்தார். வாய் அசைந்தது. யோசிக்க நேரமில்லை. வந்ததைச் சொன்னான்.

"செத்த நேரத்துல வந்துருதேன் தாயி. தூங்கு."

கிழவர் கொட்டகையை வெளியே பூட்டிக்கொண்டு மழையில் போனார்.

"இரும்பாண்டியப் போயி தாயிங்காரு!" என்று ஒரு பயல் கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள். ஜெயபாய் சிரிக்கவில்லை. திரையை விட்டுவிட்டு அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

கிழவர் வரவில்லை. இலை உதிர்ந்தது, பனி பெய்தது, வரவில்லை. கடைசியில் இரும்பாண்டி கதவை உடைத்துக்கொண்டு தானாக வெளியே வந்து வானத்தைப் பார்த்தது. சுயம்புலிங்கம் விடவில்லை. ஒரு நட்சத்திரம் மின்னியதை வைத்து, "நான் இங்கதாம்ல இருக்கேன், ஒன்னையவே பாத்துக்கிட்டு" என்று கிழவர் குரலில் பேசினான். பிள்ளைகள் கை தட்டினார்கள். தட்டியில் போட்டபடி அப்பா வந்துவிட்டார் என்றே நம்பினார்கள்.

"வாயாலயே வரவழைச்சிட்டியடே!" சாகுல் ஹமீது அவன் முதுகில் ஓங்கி அடித்தார். "செவ்வாக்கிழமையிலருந்து வேலைக்கு வந்துரு."

மத்தியானம் மச்சான் வீட்டுக்குப் போனான். மச்சான் வைகுண்டராஜ் கடைக்குப் போயிருந்தார். பரிபூரணம் விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்தாள். சந்தோஷமாகவும் இல்லை, வருத்தமாகவும் இல்லை. வேலை கிடைத்தால் வருகிறேன் என்றாள், கிடைத்துவிட்டது, வருகிறாள். அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். அப்படியே தூங்கிவிடலாம் போலிருந்தது.

"ஏட்டி, ஒன் பாவாடையெல்லாம் எடு" என்றாள் பரிபூரணம்.

ஜெயபாய் நகரவில்லை. "இரும்பாண்டி அப்பா வரலைல்லா?"

"வந்தாருல்லா தாயி. பேசுனாருல்லா."

"அது நீங்க பேசுனது. படத்துல நட்சத்திரந்தான் இருந்துச்சு."

அவன் சிரிக்கப் பார்த்தான்.

"செத்த நேரத்துல வந்துருதேன் தாயின்னதும் நீங்கதான். அன்னைக்குப் பூட்டிட்டுப் போறப்ப எங்கிட்டச் சொன்ன மாதிரியே சொன்னிய."

பரிபூரணத்தின் கை பெட்டிமேல் நின்றது. "புள்ள தூங்குனப் பொறவு போனதால்ல சொன்னிய? எந்திரிச்சுத்தான் தேடுனாள்னிய?"

அவன் சுவரிலிருந்து முதுகை எடுத்து நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"முழிச்சுத்தான் இருந்தேன்" என்றாள் ஜெயபாய். "விடியுந்தட்டி அங்கனயே நின்னேன்."

"இனிமே ராத்திரி வீட்டுலதான் இருப்பேன் தாயி. சத்தியமா."

"நான் வரலை."

பரிபூரணம் பெட்டியை மறுபடி கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். காலால்தான் தள்ளினாள்.

"நீங்க கெளம்புங்க" என்றாள். "பஸ்ஸு போயிரும்."

பஸ் சாயங்காலம் வரைக்கும் உண்டு. அது அவளுக்கும் தெரியும். அவன் எழுந்து வாசலில் குனிந்து செருப்பை மாட்டினான். நிமிர்வதற்குள் பின்னால் கதவு சாத்தப்பட்டது. உள்ளே முக்காலி இழுபடும் சத்தம் கேட்டது. மேல் தாழ்ப்பாள் ஜெயபாய்க்கு எட்டாது. ஏறி நின்றுதான் போட வேண்டும். அவன் படியிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தான். துருப்பிடித்த தாழ் ஒரு தடவை சிக்கியது, இரண்டாம் தடவை விழுந்தது. அதற்குப் பிறகு சாவியும் திரும்பியது.