செமிகோலனுக்கு அப்பால் காளியம்மா

கித்தா என்னும் ரப்பரின் விலை விழுந்து, தோட்டங்களிலிருந்து ஆட்களை ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த 1931ஆம் ஆண்டு. மலாயாவில் புலாவ் செபாங் பக்கத்துத் தோட்டமொன்றில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த கதிர்காமநாதனிடம் துரை ஒரு துண்டுத்தாளைக் கொடுத்துவிட்டுச் சிங்கப்பூருக்குக் கிளம்பிப் போனார். ஆங்கிலத்தில் ஒரே வரி. ரங்கசாமியை மதராஸ் கப்பலுக்கு அனுப்பவும்; மனைவி காளியம்மா, மூன்று பிள்ளைகள்.

அவ்வளவுதான். நடுவில் ஒரு செமிகோலன், மேலே புள்ளியும் கீழே கமாவுமாக.

வெறும் கமாவாக இருந்தால் குடும்பமே போக வேண்டியதுதான். முற்றுப்புள்ளி என்றால், காளியம்மாவைப் பற்றித் துரை வேறேதோ சொல்ல வந்து மறந்திருக்கிறார். அவள் ரப்பர் மரம் சீவுவதில் கைதேர்ந்த பால்வெட்டுக்காரி. அவளைப் பிள்ளைகளோடு நிறுத்திக்கொள்ள நினைத்தாரோ என்னவோ. கதிர்காமநாதன் தந்தி கொடுத்துக் கேட்டார். எழுதியபடி செய்யவும் என்று பதில் வந்தது.

தோட்டத்துப் பள்ளி ஆசிரியர் கிளீட்டஸிடம் தாளைக் காட்டினார்.

"கமாவ விடக் கொஞ்சம் கூட நிறுத்தணும், முற்றுப்புள்ளியவிடக் கொஞ்சம் குறைச்சு," என்றார் கிளீட்டஸ்.

"வாசிக்கிறதுக்குச் சொல்லுறீர். ஆக்களை என்ன செய்யிறது?"

கிளீட்டஸ் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் ரயில் நிலையத்துக்கு ஏற்றிப்போக லாரி வரவேண்டும். கதிர்காமநாதன் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் போய்க் காளியம்மாவிடம் உள்ளதை உள்ளபடி சொன்னார். அவள் தாளை வாங்கி அந்தக் குறியையே பார்த்தாள்.

"நான் இதுக்கு அங்கிட்டு இருக்கேனா, இங்கிட்டு இருக்கேனா கிராணி ஐயா?"

"அதுதான் எனக்கும் விளங்கேல்லை."

ஊரில் நிலமும் இல்லை, வேலையும் இல்லை, இங்கே பிள்ளைகளுக்குச் சோறாவது கிடைக்கும் என்று ரங்கசாமி சொன்னான். அவள் தாளைக் கிராணியிடம் திருப்பிக் கொடுத்தாள். பிறகு, "அவரு போனா நாங்களும் போறோம்," என்றாள். கதிர்காமநாதன் ஐந்து பேரையும் பட்டியலில் எழுதினார்.

அடுத்த வாரம் திரும்பிய துரை, காளியம்மா ஏன் வேலைக்கு வரவில்லை என்று கேட்டார். கதிர்காமநாதன் தாளை நீட்டினார். துரை இரண்டு தரம் படித்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார். தான் எதை நினைத்து எழுதினோம் என்று கிராணியையே கேட்டார்.

கதிர்காமநாதன் தாளை வாங்கி மடித்துக் கோப்பில் வைத்தார். கடைக்குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு ரயிலேறிய காளியம்மா ஒருமுறை திரும்பித் தன்னைப் பார்த்தது நன்றியாலா, வருத்தத்தாலா என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை.