செத்த வில்லனுக்கு ஒரு தம்பி

புதுப்படம் வெளியான அன்றைக்குப் பார்த்து அத்தானுக்குத் தொண்டை போய்விட்டது.

பேசாத படத்துக்குப் பேசுகிற ஆள் அவர்தான். திரைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அழுகிறவளுக்கு அழுகையும் சிரிக்கிறவனுக்குச் சிரிப்பும் கொடுப்பார். திரையில் நடுநடுவே வரும் எழுத்து வெளிநாட்டு எழுத்து. அவர் சொன்னால்தான் கதை. முந்தின வாரம் ஒரு பேய்ப் படத்துக்கு ஏழு நாள் ஓலமிட்டதில், இப்போது காற்றுதான் வருகிறது.

"நான் பேசறேன்," என்றாள் அவர் மைத்துனி. வாசலில் டிக்கெட் கிழிக்கிறவள். ஐந்து வருஷமாகக் கதவிடுக்கு வழியாகவே எல்லாப் படத்தையும் கேட்டு, மனசுக்குள் கூடவே பேசி வந்தவள். ஊழியர்கள் வைத்த பெயர் வாயாடி. அந்த ஸ்டூல்மேல் அவளுக்கு இருந்த ஆசை, மற்றப் பெண்களுக்கு நகைமேல்கூட இருக்காது.

கொட்டகை முதலாளி அவளை மேலும் கீழும் பார்த்தார். "சரி, மத்தியான ஆட்டம் உனக்கு. ஆனா ஒரு ஆள், ஒரே ஒரு ஆள் பாதியில எழுந்து போனாலும் நீ திரும்ப வாசலுக்குத்தான். அப்புறம் ஜென்மத்துக்கும் கேக்கக் கூடாது."

ஆறு ரீல் சோகப் படம் அது. சுவரொட்டியிலேயே 'கைக்குட்டை இரண்டு கொண்டு வரவும்' என்று போட்டிருந்தது. அத்தான் கதையை ஒரு பலகையில் எழுதிக் கொடுத்துவிட்டு, அவள் காலடியில் உட்கார்ந்துகொண்டார்.

முதல் இரண்டு ரீல் அமர்க்களமாகப் போயிற்று. ஒரு அம்மா, ஒரு மகன், அவனுக்கு நிச்சயித்த பெண், அவள்மேல் கண் வைத்த மீசைக்காரன். மீசைக்காரன் மகன்மேல் பொய் வழக்குப் போட, அம்மா அழுது அழுது கண் பார்வையை இழந்தாள். முன் பெஞ்சில் இருந்த கறிக்கடைக்காரர் முதல் கைக்குட்டையை எடுத்துவிட்டார்.

மூன்றாவது ரீல் ஓடியது. "இதோ, மகனை விலங்கு போட்டு, கப்பல்ல ஏத்தி..." என்று ஆரம்பித்தவள் திரையைப் பார்த்தாள். கப்பலைக் காணோம். மணிக்கூண்டு உச்சியிலிருந்து மீசைக்காரன் தலைகீழாக விழுந்து செத்துக்கொண்டிருந்தான்! அம்மாவுக்குப் பார்வை வந்தது. கல்யாணம் நடந்தது. படத்தின் கடைசி ரீல் அது.

"...ஏத்தி அனுப்பறதுக்குள்ள, ஆண்டவன் முந்திக்கிட்டான்!" என்று அலறிச் சமாளித்தாள். விளக்குப் போட்டார்கள். ரீல் மாற்றுகிற இடைவெளியில் ஆப்பரேட்டர் வியர்வையோடு ஓடி வந்தார்.

"வாயாடி, மோசம் போனோம். நம்பர் போட்ட ரீல் டப்பா மூடி ரெண்டுல சாப்பாட்டைப் போட்டுச் சாப்பிட்டேன். கழுவி மூடறப்ப மூணும் ஆறும் மாறிப்போச்சு."

"தட்டுல சாப்பிடற பழக்கமே கிடையாதாய்யா உனக்கு?"

"நாலாவது மாட்டியாச்சு. கழட்டி மூணைப் போட்டா கால் மணி நேரம் ஆகும்."

கால் மணி நேரத்தில் கொட்டகையே காலியாகிவிடும். கதவருகே முதலாளி கைகட்டி நிற்பது தெரிந்தது. அத்தான் பலகையை அழித்துவிட்டு எழுதிக் காட்டினார்: 'ஓடிப்போ.'

"நாலையே ஓட்டு," என்றாள் அவள்.

விளக்கணைந்ததும் மீசையை முறுக்கிக்கொண்டு செத்தவன் நடந்து வந்தான்.

"ஏம்மா!" என்றார் கறிக்கடைக்காரர். "இவன் இப்பத்தானே விழுந்து செத்தான்?"

"அது அண்ணன்!" என்றாள் அவள், மூச்சுக்கூட விடாமல். "இவன் தம்பி. அதே மீசை, அதே கோட்டு, ஆனா அண்ணனைவிட நூறு மடங்கு பொல்லாதவன்!"

கொட்டகை முழுக்க "அடப்பாவி!" என்றது.

"இந்தப் பையன் ஏன் ஜெயில்ல கெடக்கான்?"

"அண்ணனைத் தள்ளிவிட்டது இவன்தான்னு தம்பி கேஸ் போட்டுட்டான்ல!"

"அந்தம்மா மறுபடி தடவிக்கிட்டுப் போவுதே?" இது பின்னால் இருந்த ஒரு பெண்.

"புது மருமகளைப் பாத்துப் பாத்து ஆனந்தக் கண்ணீர்க்கா. விட்ட கண்ணீர்ல வந்த பார்வை திரும்பிப் போயிடுச்சு."

"ஐயோ, அவளுக்கு அழாம இருக்கவே தெரியாதா!" என்று அந்தப் பெண்ணே அழ ஆரம்பித்தாள்.

ஐந்தாவது ரீலில் மகன் ஜெயிலிலிருந்து தப்பிக் கடலில் நீந்தினான். தம்பி, மருமகளை மணிக்கூண்டில் அடைத்தான். மகன் கீழே, மீசை மேலே. அங்கே ரீல் தீர்ந்தது. இனி மிச்சம் ஒன்றுதான், கப்பல் ரீல். விலங்கு மாட்டிய மகன், துறைமுகத்தில் கைக்குட்டை ஆட்டும் பெண், கை நீட்டும் அம்மா, ஓரமாக நின்று சிரிக்கும் மீசை. சோகப் படம் சோகத்தில் முடிந்தால்கூடப் பரவாயில்லை. வில்லன் சிரிப்பில் முடிந்தால் நாற்காலி பறக்கும்.

கப்பல் ரீலை மாட்டும்போதே அவள் ஸ்டூலின் நுனிக்கு நகர்ந்தாள்.

"மேல நின்ன தம்பி குனிஞ்சு பாத்தான்," என்றாள் மெதுவாக. "அண்ணன் விழுந்த இடம் தெரிஞ்சது. தலை கிறுகிறுத்துச்சு. இதுக்காடா நாம ரெண்டு பேரும் மீசை வளர்த்தோம்னு நெனச்சான். கேஸை வாபஸ் வாங்கிட்டு, சாவியை எடுத்து அவ கையில கொடுத்துட்டான்!"

கப்பல் திரைக்கு வந்தது.

"ஆனா ஜெயிலை உடைச்சது தப்புதானே? மகன் நேர்மையான பிள்ளை. தானே போய் விலங்கை மாட்டிக்கிட்டான். பத்தே நாள் தண்டனை. அதனாலதான் பொண்ணு அழாம கைக்குட்டை ஆட்டறா. அம்மா கை நீட்டி, குளிக்கறப்ப காதுல தண்ணி போகாம பாத்துக்கோங்கறா. தம்பி சிரிக்கறான் பாருங்க, பொறந்ததுலேருந்து இன்னைக்குத்தான் நல்ல சிரிப்பு!"

அப்போது கறிக்கடைக்காரர் எழுந்தார்.

ஆறடி ஆள். படம் முடியவில்லை, கப்பல் இன்னும் கரையை விடவில்லை. கதவருகே முதலாளி ஒரு விரலை உயர்த்தினார்.

"ஏம்மா," என்றார் கறிக்கடைக்காரர், இரண்டாவது கைக்குட்டையும் நனைந்துபோய். "அந்தத் தம்பிக்கு இன்னும் கல்யாணம் ஆகலதானே? என் தங்கச்சி ஒருத்தி இருக்கா."

"உக்காருய்யா, மீசைக்காரனை மறைக்கறே!" என்று நாலு பேர் சட்டையைப் பிடித்து இழுக்க, அவர் தொப்பென்று உட்கார்ந்தார். கொட்டகையே குலுங்கியது. கப்பல் போயிற்று. கைதட்டலில் கூரைத் தகரம் அதிர்ந்தது.

ஜனங்கள் தெருவுக்குப் போய்த் தம்பியைப் பற்றியே சண்டை போட்டார்கள். அதைக் கேட்டு, ஆறு மணி ஆட்டத்துக்கு வரிசை மூலை திரும்பி நின்றது. ஆப்பரேட்டர் அவசரமாக ரீல்களைச் சரியாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

"யோவ், கையை எடு!" என்று முதலாளி கத்தினார். "அப்படியே தப்பாவே வை." பிறகு அவள் பக்கம் திரும்பித் தொண்டையைச் செருமினார். "ஆறு மணிக்கும் நீதான். நாளைக்கும் நீதான். உங்கத்தானுக்குத் தொண்டை வந்தாலும் அந்தத் தம்பியை அவருக்குத் தெரியாதே."

அவள் ஒரு செம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு ஸ்டூலில் ஏறினாள். கதவு திறந்ததும் முட்டிமோதி உள்ளே வந்த முதல் ஆள் கேட்டார்:

"தம்பி எப்ப வருவான்?"

"அண்ணன் சாகட்டும், வருவான்," என்றாள். "மொதல்ல உக்காருங்க."