பெண் காவலர் முன்னிலையில்

டெய்லரம்மா ஒரு நல்ல காரியம் செய்தால் தெருவுக்கே தெரிந்துவிடும். அவள் வாய் திறந்து சொல்ல மாட்டாள், போட்டிருக்கும் சீருடை சொல்லிவிடும். ஆறு வருடமாகத் தொண்டர் போலீஸ். காலையில் பள்ளிக்கூட வாசலில் விசில் ஊதிப் பிள்ளைகளை ரோட்டைத் தாண்ட வைப்பாள். தனியாக இருக்கும் வயதானவர்களின் கதவை வாரம் ஒரு தடவை தட்டி, "மாத்திரை போட்டீங்களா? கேஸை மூடினீங்களா?" என்று கேட்டுவிட்டு வருவாள். ஒரு முறை காணாமல் போன பூனையைக்கூடத் தேடிப் பிடித்துக் கொடுத்தாள். அது வேறு யாருடைய பூனையோ என்று பிற்பாடு தெரிந்தது, அது கிடக்கட்டும். சம்பளம் கிடையாது. இரண்டு செட் சீருடை, ஒரு தொப்பி, ஒரு விசில், அவ்வளவுதான். ஸ்டேஷனில் கொடுத்த சீருடை தொளதொளவென்று இருந்ததால் அவளே அதைப் பிரித்து, தோளைக் குறைத்து, இடுப்பைப் பிடித்துத் தைத்துக்கொண்டாள்.

எதற்கு இந்த வெட்டி வேலை என்று கேட்பவர்களிடம், "நாலு பேருக்கு நல்லது செய்யணும்ல?" என்பாள். அதைப் பச்சைப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். பாதிப் பொய். மீதி விஷயம் அவள் வீட்டுக்குள் இருந்தது.

புருஷன் பஸ் டிரைவர். வெளியே தங்கமான மனிதன். பாட்டிமார் மூச்சு வாங்கிக்கொண்டு ஓடி வந்தால் பஸ்ஸை நிறுத்திக் காத்திருப்பான். வீட்டுக்குள் வந்துவிட்டால் அவன் கை சும்மா இருக்காது. கல்யாணமான முதல் மாதத்திலிருந்து பதினோரு வருடம் அடித்தான். சட்டையில் பட்டன் இல்லை என்று ஒரு நாள், பட்டன் இருக்கிறது ஆனால் நிறம் வேறு என்று இன்னொரு நாள். காரணமா பஞ்சம்? அவள் முதன்முதலாகச் சீருடை போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்த அன்று, ஓங்கிய கை பாதியில் நின்றது. அந்தக் கையைத் தலைக்குக் கொண்டுபோய் முடியைக் கோதிக்கொண்டான் பாருங்கள், அன்றிலிருந்து பெட்டிப் பாம்பாக அடங்கிப்போனான்.

ஆனால் தொண்டர் போலீஸ் வேலை வருடத்துக்கு வருடம் புதுப்பிக்க வேண்டியது. ஊர்ப் பெரிய மனிதர்களின் கமிட்டி ஒன்று இருக்கிறது, அதன் தலைவர் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த வருடம். அந்த மாதம் பிறந்துவிட்டால் புருஷனுக்கு மூக்கில் வேர்த்துவிடும். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போகிறவன் சட்டைக் கையை மெதுவாகச் சுருட்டிக்கொண்டே கேட்பான்.

"லெட்டர் வந்துடுச்சா?"

"வரும்."

"வரட்டும், வரட்டும். வராட்டியும் ஒண்ணும் குடி முழுகிப் போயிடாது."

சிரித்துக்கொண்டேதான் சொல்வான். இந்த வருடம் லெட்டர் வர வேண்டிய நாள் தாண்டி இரண்டு வாரம் ஆகியிருந்தது.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் ஸ்டேஷனிலிருந்து போன். "மேடம், ஒரு லேடீஸ் கேஸ். கொஞ்சம் வந்து உட்காரணும்."

உட்காருவதும் ஒரு வேலைதான். பெண்ணை விசாரித்தால் அறையில் ஒரு பெண் காவலர் இருக்க வேண்டும் என்று சட்டம். அந்த ஸ்டேஷனில் நிரந்தரப் பெண் காவலர் ஒருத்திகூட இல்லை. அதனால் டெய்லரம்மாவைக் கூப்பிடுவார்கள். ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். எல்லாம் முடிந்ததும், 'பெண் காவலர் முன்னிலையில், எவ்வித வற்புறுத்தலும் இன்றி' என்று அச்சடித்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போடுவாள். பெரும்பாலும் கடையில் சோப்புத் திருடியவள், பக்கத்து வீட்டுக்காரியின் முடியைப் பிடித்து இழுத்தவள், இப்படித்தான் வரும். சில நாள் கையோடு கொண்டுபோன சட்டைக்குப் பட்டன் காஜா எடுத்துக்கொண்டே விசாரணையைக் கேட்டிருக்கிறாள்.

அன்று இன்ஸ்பெக்டர் அவளை வராந்தாவிலேயே நிறுத்திவிட்டார்.

"பல் டாக்டர் வீட்டுல மோதிரம் காணோம். டாக்டரோட மனைவிக்கு ரொம்ப வேண்டிய மோதிரமாம். செவ்வாய்க்கிழமை ரெண்டு மணிக்கு இருந்துச்சு, நாலு மணிக்கு இல்லை. வெளியாள்னா சாவி வேலை செய்யிற பொம்பளைகிட்ட மட்டும்தான் இருக்கு. சாயங்காலத்துக்குள்ள ஒத்துக்கிட்டாள்னா டாக்டருக்கும் நிம்மதி, நமக்கும் நிம்மதி." கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார். "டாக்டர்தான் உங்க கமிட்டித் தலைவர். தெரியும்ல? உங்க பேப்பரும் அவர் மேஜை மேலதான் இருக்கு."

தெரியும் என்று தலையாட்டிவிட்டு உள்ளே போனாள்.

ஜன்னல் கண்ணாடிக்குப் பாதி வரை வெள்ளைப் பெயின்ட் அடித்த அறை. ஒரு மேஜை, மூன்று நாற்காலி, சுவரில் போன வருடக் காலண்டர். மேஜைக்கு அந்தப் பக்கம் எறும்பு உட்கார்ந்திருந்தாள். ஆள் பொடிசு, ஒரு நிமிடம் சும்மா இருக்க மாட்டாள், அதனால் இருவரும் குடியிருக்கும் கட்டடம் முழுக்க அவளுக்கு எறும்பு என்றுதான் பெயர். மூன்றாவது மாடி. டெய்லரம்மா இருப்பது தரைத்தளம், வீட்டை ஒட்டியே கடை. எறும்பு நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்து, தனியாளாக ஒரு பெண் குழந்தையை வளர்க்கிறவள். டெய்லரம்மாவைப் பார்த்ததும் அவள் முகத்தில் உயிர் வந்தது.

"அக்கா! வந்துட்டீங்களா! அப்பாடா, இப்பத்தான் எனக்கு மூச்சே வருது." இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினாள். "அக்காவையே கேளுங்க சார். செவ்வாய்க்கிழமை மத்தியானம் பூரா நான் அக்கா கடையிலதான் உட்கார்ந்திருந்தேன். பாப்பாவோட ஸ்கூல் யூனிபார்ம் குட்டையாயிடுச்சுன்னு மடிப்புப் பிரிக்கக் கொண்டுபோனேன். மெஷின் ஊசிகூட உடைஞ்சுதேக்கா? நான்தானே டப்பாவுல தேடி வேற ஊசி எடுத்துக் கொடுத்தேன்?"

அத்தனையும் உண்மை. ஒன்றரை மணிக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தவள், நாலேகால் வரை ஊர்க்கதை பேசி, டெய்லரம்மாவைச் சிரிக்கவைத்துவிட்டுத்தான் எழுந்து போனாள்.

"அப்படியா மேடம்?" என்றார் இன்ஸ்பெக்டர். கோபமே இல்லாத குரல். "தாராளமா சாட்சி சொல்லலாம். ஆனா ஒண்ணு, சாட்சியும் காவலரும் ஒரே ஆளா இருக்கக் கூடாது, அது விதி. பக்கத்து ரூம்ல போய்ச் சீருடையை மாத்திக் கொடுத்துட்டு வந்து, அந்தம்மா பக்கத்துல உட்காருங்க. எழுதிக்கிறேன்."

எறும்புக்குப் பக்கத்தில் ஒரு காலி நாற்காலி இருந்தது. டெய்லரம்மா அதைப் பார்த்தாள். அவள் கண்ணுக்குத் தெரிந்தது நாற்காலி அல்ல, குழாயடியில் நின்று சட்டைக் கையைச் சுருட்டுகிற ஒருவன். இன்று சீருடை இல்லாமல் வீட்டுக்குப் போனால் ஆறு வருடத்துக்கும் சேர்த்து வட்டி போட்டுக் கொடுப்பான்.

"ஞாபகம் இல்லை சார்," என்றாள். "கடைக்கு எத்தனையோ பேர் வர்றாங்க, போறாங்க."

எறும்பு சிரித்தாள். அக்கா விளையாடுகிறாள் என்று நினைத்தாளோ என்னவோ. பிறகு அந்தச் சிரிப்பு அப்படியே முகத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது.

"அக்கா... செவ்வாய்க்கிழமைக்கா. மூணு நாள்தானே ஆச்சு."

"சாரைப் பார்த்துப் பேசு."

இன்ஸ்பெக்டர் ஒரு மணி நேரம் கேட்டார். மிரட்டினார், கொஞ்சினார், குழந்தையை விடுதியில் சேர்த்துவிடுவார்கள் என்றார். எறும்பு எடுக்கவில்லை என்ற ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு அசையவில்லை. கடைசியில் அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் குத்திக்கொண்டு எழுந்தார். கதவருகே வந்து டெய்லரம்மாவிடம் சொன்னார்.

"நான் பொம்பளைங்க மேல கை வைக்கிறவன் இல்லை மேடம், சட்டமும் விடாது. நீங்க ஒரே கட்டடம். பொம்பளைக்குப் பொம்பளை, எடுத்துச் சொல்லுங்க. நான் ஒரு டீ குடிச்சிட்டு வர்றேன். இருபது நிமிஷம் ஆகும்." வெளியே போனவர் கதவை நன்றாக இழுத்துச் சாத்தினார்.

எடுத்துச் சொல்லத்தான் ஆரம்பித்தாள். ஒத்துக்கொண்டால் லேசில் விட்டுவிடுவார்கள், மோதிரத்துக்காக யாரையும் தூக்கில் போட மாட்டார்கள் என்று நல்லவிதமாகத்தான் சொன்னாள். எறும்பு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கெஞ்சல் இல்லை, திட்டு இல்லை, வெறும் பார்வை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட எறும்பு தப்பித்திருப்பாள் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தப் பார்வையைத்தான் டெய்லரம்மாவால் தாங்க முடியவில்லை. அவளுக்குள் திடீரென்று ஒரு வெறுப்பு பொங்கிக்கொண்டு வந்தது. ஊரில் வேறு டெய்லரே இல்லையா? அன்றைக்கென்று பார்த்து ஏன் என் கடையில் வந்து உட்கார்ந்தாள்? என்னைப் பொய்க்காரி ஆக்கியது இவள்தானே?

"ஏன்டி என் கடைக்கு வந்தே?" என்று கேட்டுக்கொண்டே கையை ஓங்கினாள்.

எங்கே அடித்தால் வெளியே தெரியாது என்று அவளுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியிருக்கவில்லை. முகத்தில் கூடாது, முழங்கைக்குக் கீழே கூடாது. முடியைப் பிடிப்பதானால் பிடரியில், வேரோடு சேர்த்து. வாயில் துணியை வைத்தால் சத்தம் வராது. இடுப்புக்கு மேலே, முதுகின் ஓரத்தில் ஒரு இடம் இருக்கிறது, அங்கே விழுந்தால் இரண்டு நாளைக்குக் குனிய முடியாது, ஆனால் தோலில் ஒன்றும் தெரியாது. பதினோரு வருடம் உடம்பில் வாங்கிப் படித்த பாடம், ஒரு வரி மறக்கவில்லை. ஆரம்பித்தபோது கை தயங்கித் தயங்கித்தான் விழுந்தது. அட கொடுமையே, பாதியில் தயக்கம் போய்விட்டது. அவள் உடம்பு லேசானது. ஓங்குகிற கைக்குச் சொந்தக்காரியாக இருப்பது இத்தனை சுகமா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

இன்ஸ்பெக்டர் சொன்னபடி இருபது நிமிடத்தில் வந்தார். எறும்பு ஒத்துக்கொண்டாள். மோதிரத்தை என்ன செய்தாய் என்றதற்குச் சாக்கடையில் போட்டேன் என்றாள். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். அதற்குக் கீழே, அச்சடித்த வரியின் அடியில், டெய்லரம்மா தன் கையெழுத்தைப் போட்டாள்.

மை காய்வதற்குள் பல் டாக்டர் வீட்டிலிருந்து போன் வந்தது. மோதிரம் கிடைத்துவிட்டதாம். மீன் தொட்டி கழுவுவதற்காகப் போட்ட ரப்பர் கையுறையைக் கழற்றியபோது மோதிரமும் கூடவே வந்து கையுறையின் விரலுக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது. டாக்டரின் மனைவி போனிலேயே விழுந்து விழுந்து சிரித்தாளாம். இன்ஸ்பெக்டரும் சிரித்தார். வாக்குமூலத்தை நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டார்.

"கூட்டிட்டுப் போயிடுங்க மேடம், ஒரே கட்டடம்தானே," என்றார். இழுப்பறையிலிருந்து ஒரு கவரை எடுத்து நீட்டினார். "டீ குடிக்கப் போனப்ப டாக்டர் போன்ல உங்களைப் பத்திக் கேட்டார். ரொம்ப ஒத்துழைச்சாங்கன்னு சொன்னேன். உடனே கையெழுத்துப் போட்டு ஆள்கிட்ட கொடுத்தனுப்பிட்டார்."

இன்னும் வெயில் இருந்தது. இரண்டு பேரும் நடந்தார்கள். எறும்பு ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு, கடைச் சுவர்களைப் பிடித்துப் பிடித்து வந்தாள். ஆட்டோ வைக்கட்டுமா என்று கேட்டதற்கு அடுத்த சுவரை நோக்கிக் கையை நீட்டினாள்.

"வெளிய யார்கிட்டயும் சொல்லிக்க வேண்டாம்," என்றாள் டெய்லரம்மா. "உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். நாலு வீட்டு வேலையும் போயிடும்."

எறும்பு நின்றாள். "ஊசி உடைஞ்சது ஞாபகம் இருக்காக்கா?" என்று கேட்டாள்.

டெய்லரம்மா கவரை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு, "நட," என்றாள்.

கட்டடத்து வாசலில் கூட்டம். எறும்பைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போன செய்தி மத்தியானமே பரவியிருந்தது. காவலாளி, இரண்டாவது மாடி அத்தை, மளிகைக்கடைக்காரர், ஷிப்ட் முடிந்து வந்து பனியனோடு நின்றிருந்த டெய்லரம்மாவின் புருஷன், எல்லோரும் இருந்தார்கள். இரண்டு பேரும் சேர்ந்து வருவதைப் பார்த்ததும் அத்தை இரண்டு கையையும் தட்டிவிட்டாள்.

"நான் சொல்லலை? நம்ம டெய்லரம்மா அங்க இருக்கும்போது இவளுக்கு என்ன ஆயிடும்? போன கையோட கூட்டிட்டு வந்துட்டாங்க பாரு!"

"மோதிரம் அவங்க வீட்டுலயே கிடைச்சிடுச்சு," என்றாள் டெய்லரம்மா. "இவ எடுக்கலைன்னு எனக்கு அப்பவே தெரியும்."

"நீங்க இல்லைன்னா இந்நேரம் பொண்ணு கதி என்ன? அடிச்சே கொன்னிருப்பானுங்க," என்றார் மளிகைக்கடைக்காரர்.

"ஏய் எறும்பு, மரம் மாதிரி நிக்கிறியே," என்று அத்தை அவள் தோளை இடித்தாள். எறும்பு பல்லைக் கடித்தது யாருக்கும் தெரியவில்லை. "அக்காவுக்கு ஒரு நன்றி சொல்லுடி. வாயில என்ன கொழுக்கட்டையா?"

எறும்பு தரையைப் பார்த்தாள். தெரு முழுக்கக் காத்திருந்தது.

"ரொம்ப நன்றிங்க, மேடம்," என்றாள்.

"அட, இதுக்கெல்லாம் எதுக்கு நன்றி? என் கடமைதானே," என்று சொல்லி டெய்லரம்மா அவள் தலையைத் தடவிக் கொடுக்கக் கையைத் தூக்கினாள். எறும்பு சட்டென்று இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு, முழங்கையை விலாவோடு இறுக்கி, சுவரோரமாகக் குறுகினாள்.

"பாவம், இன்னும் பயம் தெளியலை," என்றாள் அத்தை. எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். "போய்ப் படுக்க வை" என்று சொல்லி இரண்டு பேர் அவளைப் பிடித்து மாடிக்கு அழைத்துப் போனார்கள்.

புருஷன் உச்சுக் கொட்டவில்லை. அந்தக் குறுகலை அவன் பதினோரு வருடம் எதிரே நின்று பார்த்தவன். எறும்பு படியேறும் விதத்தைப் பார்த்தான், ஒரு கை இடுப்பில், குனிய முடியாத முதுகு. பிறகு மனைவியின் கையைப் பார்த்தான். கூட்டம் கலையும்வரை காத்திருந்தான். கல்யாணமாகிப் பதினேழு வருடத்தில் அவள் கேட்டறியாத பிரியத்தோடு, தன் ஜாதிக்காரியிடம் பேசுவதுபோல, பக்கத்தில் வந்து சொன்னான்.

"கை வலிக்குதா? முதல் தடவை அப்படித்தான் இருக்கும். உள்ள வா, வெந்நீர் வைக்கிறேன்."