கரையை வெட்டிய காலை

திருப்பாலைவனம் பக்கத்தில், தன் நிலத்து ஓடைக்குக் குறுக்கே அப்துல் ஹை சின்னதாக ஒரு மண் அணை கட்டியிருந்தார். வருஷத்துக்கு ஒருமுறை மஸ்கட்டிலிருந்து வரும் மகள் நுஸைபாவின் பிள்ளைகள் படகு விட்டு விளையாடத்தான் அது.

அவர்கள் வரும் நாளன்று காலையில், அணைக்குக் கீழே குடியிருக்கும் ருக்கு மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"பாய், கரைக்கு அடியில தண்ணி கசியுது. சேறா வருது, உள்ள மண்ணு அரிக்குது."

அவர் போய்ப் பார்த்தார். விரல் தடிமனில் கலங்கல் நீர் வழிந்துகொண்டிருந்தது.

"மண்ணு கொட்டி அடைச்சா ரெண்டு நாள் தாங்காதா ருக்கு? பசங்க வராங்க."

"அந்த ரெண்டு நாளும் எங்க வூட்ல நீங்க படுப்பீங்களா பாய்?"

அவருக்கு முகம் சுருங்கிப்போனது. ருக்குவின் பிள்ளைகளை அத்தை வீட்டுக்கு அனுப்பச் சொன்னார். ஜேசிபியை வரவழைத்து, கரையின் மறுகோடியில் தரிசு நிலத்துப் பக்கமாக வாய்க்கால் வெட்டவைத்தார். மதியத்துக்குள் தண்ணீர் வடிந்தது.

சாயங்காலம் வந்து இறங்கிய பேரப்பிள்ளைகள் வெறும் சேற்றைப் பார்த்து அழுதார்கள். அவர் நடந்ததைச் சொல்லத் தடுமாறினார். நுஸைபா கீழே தெரிந்த ருக்குவின் ஓலை வீட்டைப் பார்த்தாள்.

"நல்ல வேளை வாப்பா," என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "நாளைக்குப் பழவேற்காட்டுல படகு ஏறிக்கலாம்."