முனையைப் பிடிக்க ஓர் ஆள்

எனக்கே எனக்கென்று ஒரு கதவும் பூட்டும் கிடைத்தபோது எனக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது. அதுவரை நான் பூட்டித் திறந்ததெல்லாம் அடுத்தவர் கதவுகள். கடல் தாண்டிப் போய் ஒரு பெரிய ஓட்டலில் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலையில் சேர்ந்தேன். பிறகு, சுத்தம் செய்பவர்களை மேய்க்கும் வேலைக்கு உயர்ந்தேன். பகலெல்லாம் முன்பின் தெரியாதவர்களுக்கு ஒரு சுருக்கம் இல்லாமல் படுக்கை விரித்துவிட்டு, ராத்திரி ஊழியர் விடுதியில் அடுக்குக் கட்டிலின் மேல்தட்டில் ஏறிப் படுப்பேன். கீழே இருப்பவள் புரண்டால் மேலே எனக்குத் தொட்டில் ஆடும்.

அந்த ஓட்டல் கைமாறியது. புது முதலாளிக்குப் பழைய ஆட்கள் வேண்டாமாம். பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பினேன், நேராக அக்கா வீட்டுக்கு.

அக்கா தையல்காரி. வீட்டின் முன்னறைதான் கடை. கழுத்தில் சங்கிலி இல்லாமல்கூட அவளைப் பார்த்திருக்கிறேன், அளவு டேப் இல்லாமல் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரியில் அம்மாவுக்குத் துணைக்கு இருந்த நாட்களில்கூட டேப்பைக் கழற்றவில்லை. நர்ஸின் சட்டைக் கை ஏறி இறங்கியிருப்பதைச் சொல்லி அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். எனக்கும் அவளுக்கும் எட்டு வயது வித்தியாசம். சின்ன வயதில் அவள் எதையாவது அளந்துகொண்டே இருப்பாள். டேப்பின் மறுமுனையைப் பிடிப்பது என் உத்தியோகம். பராக்குப் பார்த்தால் போச்சு. “முனைய விடாதடி வாலு!” என்று தெருவே கேட்கக் கத்துவாள்.

என் பள்ளிப் பாவாடைகளையும் அவள்தான் தைத்தாள். துணியை வெட்டவே மாட்டாள். மிச்சத்தை உள்ளே மடித்து, கையால் பெரிய பெரிய தையலாகப் போட்டு வைப்பாள். நான் வளர வளர ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்துவிடுவாள். பழைய மடிப்பு இருந்த இடம் வெளுத்துக் கோடு கோடாகத் தெரியும். பள்ளியில் கிண்டல் செய்வார்கள். அழுதுகொண்டே வந்தால், “வளர்ற பிள்ளைக்கு வெட்டுவாங்களாடி?” என்பாள்.

அப்படிப்பட்டவள் வீட்டுக்குத்தான் போனேன். எனக்காக ஓர் அறையை ஒழித்து வைத்திருந்தாள். நான் குளித்துவிட்டு வருவதற்குள் என் பெட்டி காலியாகி, துணிமணி எல்லாம் அலமாரியில் ஏறிவிட்டது. போனில் பேசினால் யாரு என்பாள். வெளியே கிளம்பினால் எங்கே என்பாள். குளியலறையில் கொஞ்சம் நேரமானால் கதவைத் தட்டி, “என்ன, உள்ளேயே குடித்தனம் பண்றியா?” என்பாள். அத்தான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், ஈ எறும்புக்குத் தீங்கு நினைக்காத மனிதர். “ரெண்டு பேரும் சத்தம் போட்டீங்கன்னா நான் வேன்லயே படுத்துக்குவேன்” என்று முன்கூட்டியே எச்சரித்துவிட்டார்.

பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். ஒருநாள், இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் படுக்கை விரிப்பு, திரைத்துணிப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு நேர்காணல். அலமாரியைத் திறந்தால் என் சட்டைகள் அத்தனையும் இரண்டு பக்கமும் பிடித்துத் தைக்கப்பட்டிருந்தன.

“தொளதொளன்னு இருந்துச்சு. போர்வையைச் சுத்தின மாதிரி. அதான் பிடிச்சுவிட்டேன்” என்றாள் அக்கா, ஏதோ பரிசு கொடுத்தவள் மாதிரி.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. “ஒரு தடவையாவது என்னைக் கேட்டியாக்கா? நான் என்ன நீ வெட்டித் தைக்கிற துணியா? நான் சொன்னதை மட்டும் செய். சொல்லாததைச் செய்யாத. இந்த வீட்டுல மூச்சு முட்டுது எனக்கு!”

கடையில் தைத்த துணி வாங்க வந்திருந்த இரண்டு பெண்கள் இதைக் கேட்டார்கள். அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. வாய்க்கு வாய் பதில் சொல்லுவாள் என்று இடுப்பில் கை வைத்து நின்றேன். “சரி” என்றாள். அவ்வளவுதான். மெஷினில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

அந்தச் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு போனேன், வேறு இல்லை. அளவெடுத்த மாதிரி இருந்தது. வேலையும் கிடைத்தது. ஆனால் வாயிலிருந்து போனதை யாரிடம் போய்த் திருப்பிக் கேட்பது?

ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே மூன்றாம் மாடியில் வீடு பார்த்தேன். ஒரு படுக்கையறை, ஒரு கூடம், இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் வெளியே நிற்க வேண்டிய சமையலறை. கூடத்தில் சுவர் அகலத்துக்கு, தரை வரைக்கும் ஒரு ஜன்னல். கீழே பேருந்து நிறுத்தம். வீட்டுக்காரர், “தனியாவா?” என்று மூன்று விதமான குரலில் கேட்டுவிட்டுச் சாவியைத் தந்தார்.

குடிபோன மறுநாள் அக்கா போன் செய்தாள். “ஜன்னல் அளவு மட்டும் சொல்லு. நல்ல துணி ஒண்ணு எடுத்து வெச்சிருக்கேன்.”

அதில் என்ன இருந்தது? ஒன்றும் இல்லை. அவள் தைத்துக் கொடுத்திருப்பாள், நான் மாட்டியிருப்பேன், எல்லாம் முடிந்திருக்கும். “ரெடிமேடா வாங்கிட்டேன்கா” என்றேன். வாங்கவே இல்லை. போனை வைத்துவிட்டு, பொய்யை உண்மையாக்க அன்று சாயங்காலமே கடைக்கு ஓடினேன். ஜன்னலை அளந்து பார்த்தேனா? இல்லை. மாடி மாடியாக அறைகளுக்குத் திரை மாட்டியவளுக்கு அளவு தெரியாதா என்ற திமிர். ஓட்டலில் இருந்த அளவையே சொல்லி வாங்கி வந்தேன். மாட்டினால் ஒரு முழம் தரையில் கிடந்து புரண்டது.

முதல் சில நாட்கள் எனக்குத் தலைகால் புரியவில்லை, அதை மறைப்பானேன். எல்லா விளக்கையும் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். ரொட்டியைச் சட்டியிலிருந்தே நேராக எடுத்துத் தின்றேன். குளியலறையில் பாட்டுப் பாடினேன். எவ்வளவு நேரம் இருந்தாலும் கதவைத் தட்ட யாரும் இல்லை. ஒருநாள் நடுவில் பாட்டை நிறுத்திவிட்டேன். தட்டுவார்களோ என்று காது கொடுத்துக்கொண்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமையே அக்கா, அத்தான் இருவரையும் வீட்டுக்குக் கூப்பிட்டேன்.

காலையிலேயே வீட்டை அலசிவிட்டேன். திரையை மட்டும் வேண்டுமென்றே அப்படியே விட்டேன். அக்கா உள்ளே நுழைந்ததும் அதைப் பார்ப்பாள், தலையில் அடித்துக்கொள்வாள், என் வண்டவாளத்தைத் தண்டவாளத்தில் ஏற்றுவாள். நான் திருப்பிக் கத்துவேன். அதோடு எல்லாம் சரியாகிவிடும். எங்கள் வீட்டில் மன்னிப்பெல்லாம் யாரும் கேட்டதில்லை, சண்டையில்தான் சமாதானம் ஆவோம்.

அக்கா நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். கையில் பழப்பை. செருப்பை வாசலிலேயே ஓரமாக விட்டாள். நாற்காலியில், முதுகு படாமல், நுனியில் உட்கார்ந்தாள்.

“வீடு ரொம்ப நல்லா இருக்கு. காத்தோட்டமா இருக்கு” என்றாள்.

சமையலறைக்குள் புகுந்து டப்பாக்களைத் திறந்து பார்க்கவில்லை. டீ கொடுத்தால் சர்க்கரை குறைச்சல் என்று சொல்லவில்லை. “நல்லா இருக்கு” என்றாள். சர்க்கரையே போட மறந்திருந்தேன், நான் குடித்தபோதுதான் தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து, “பாத்ரூம் போகலாமா?” என்று கேட்டாள். எனக்குக் கால் கழுவிவிட்டவள், என் வீட்டுக் குளியலறைக்குப் போக என்னிடம் அனுமதி கேட்டாள்.

அத்தான்தான் திரையைப் பார்த்தார். “பரவாயில்லையே, துடைப்பச் செலவு மிச்சம். காத்தடிச்சா தானே தரையைப் பெருக்கிடும் போல.”

“சும்மா இருங்க” என்றாள் அக்கா. “அவளுக்கு அப்படிப் பிடிச்சிருக்கும்.”

“நீளம் கூடிப்போச்சோன்னு எனக்கே ஒரு சந்தேகம்கா” என்றேன், வலிய வாயைக் கொடுத்து.

அக்கா எழுந்து ஜன்னலருகே போனாள். குனிந்தாள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் திரையின் விளிம்பைத் தாமாகவே பிடித்தன, உள்ளே மடித்து உயரம் பார்க்கிற பிடி. அதற்குப் பிறகு வர வேண்டிய ஏச்சுக்காக நான் மூச்சைப் பிடித்து நின்றேன். அவள் விரல்களை விட்டாள். “கலர் நல்லா இருக்கு” என்றாள்.

அப்போதுதான் அவள் கழுத்தைக் கவனித்தேன். “டேப் எங்கேக்கா?”

“வீட்டுல இருக்கு. நாலு பேர் வீட்டுக்குப் போறப்ப அது எதுக்கு?”

கிளம்பும்போது படிக்கட்டில் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். “அக்கா, அன்னைக்கு நான் ஏதோ கோபத்துல…”

“அட, அதை ஏன் இப்ப? நீ சொன்னது சரிதான்டி. நான்தான் யோசிக்காம இருந்துட்டேன். பத்திரமா கதவைச் சாத்திக்க.”

கோபமாக இருந்தால் கையைக் காலைப் பிடித்தாவது சரிசெய்திருப்பேன். அவளுக்குக் கோபம் இல்லை. நான் கத்தியதை உண்மை என்று எடுத்துக்கொண்டுவிட்டாள். அதற்கு என்ன மருந்து போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. வந்ததிலிருந்து போகும்வரை அவள் ஒருமுறைகூட என்னை வாலு என்று கூப்பிடவில்லை.

அடுத்த வாரம் திரைகளைக் கழற்றிப் பையில் அமுக்கிக்கொண்டு அக்கா கடைக்குப் போனேன். அங்கே டேப் வழக்கம்போல் அவள் கழுத்தில் தொங்கியது.

“குறைக்கணும்கா. நீ ஒரு நடை வந்து அளந்து பாத்தீன்னா…”

“அளவு சொன்னா போதுமே. அதுக்கு எதுக்கு நான்?” மெஷின் இழுப்பறையிலிருந்து ஒரு பழைய டேப்பை எடுத்து என் கையில் வைத்தாள். “இதை வெச்சுக்க. கம்பியிலிருந்து தரை வரைக்கும் எடுத்துச் சொல்லு.” அடுத்து நின்ற பெண்ணிடம் திரும்பிவிட்டாள்.

திரைக் கம்பி எனக்கு எட்டாது. ஸ்டூல் போட்டு ஏறி, டேப்பின் முனையைக் கம்பியில் வைத்துப் பிடித்தால், அடியில் என்ன எண் என்று தெரியவில்லை. கீழே இறங்கினால் மேலே முனை நழுவித் தலையில் விழுந்தது. போதாததற்கு டேப் தரை வரை எட்டவும் இல்லை. பாதியில் பக்கச் சுவரில் ஒரு கோடு போட்டு, அங்கிருந்து மறுபடி தொடங்க வேண்டியிருந்தது. கடைசியில் முனையை ஒரு பிளாஸ்திரி வைத்து ஒட்டினேன். அது வழுக்கியதா, நிலைத்ததா என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். வாழ்க்கை முழுக்க முனையைப் பிடிக்கும் வேலையை எவ்வளவு அலட்சியமாகச் செய்திருக்கிறேன். ஸ்டூல் மேலேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன்.

போன் செய்து அளவைச் சொன்னேன்.

அந்தப் பக்கம் மெஷின் ஓடும் சத்தம் நின்றது. “முனைய யாரு பிடிச்சா?”

“யாரும் இல்லக்கா. ஒட்டி வெச்சு எடுத்தேன்.”

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். ‘அறிவுகெட்டவளே, அப்படி எடுத்தா அளவு எப்படிடி சரியா வரும்? இரு, வர்றேன்’ என்று சொல்லப்போகிறாள். சொல்லு அக்கா, சொல்லு. மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது.

“சரி, நீ சொன்ன அளவுக்கே தைக்கிறேன். அத்தான் கொண்டாந்து தருவாரு.”

அத்தான் கொண்டு வந்து தந்தார். அழகாகத் தேய்த்து மடித்திருந்தது. மாட்டினேன். தரைக்கு மேலே நான்கு விரல் தூக்கிக்கொண்டு நின்றது திரை. அரை விரல் பிசகினால் மொத்தத்தையும் பிரித்துப் போடுகிறவள் அக்கா. அன்றைக்கு ஜன்னலைக் கண்ணாலேயே அளந்துகொண்டு போயிருப்பாள். நான் சொன்ன எண் தப்பு என்று அவளுக்கு அந்த நொடியே தெரிந்திருக்கும். தெரிந்தேதான் தைத்திருக்கிறாள். நான் சொன்னதை மட்டும் செய்திருக்கிறாள்.

அவளை அப்படி மாற்றியது நான்தானே என்று திரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். விளிம்பு கனத்தது. திருப்பிப் பார்த்தேன். மிச்சத் துணியை அவள் வெட்டவில்லை. ஒரு முழத்துக்கு மேல் அத்தனையும் உள்ளே இரண்டு மூன்று மடிப்பாக மடித்து, மெஷினில் ஓட்டாமல், கையால் பெரிய பெரிய தையலாகப் போட்டிருந்தாள். என் பாவாடைகளுக்குப் போட்ட அதே தையல். நூல் நுனியை இழுத்தால் வந்துவிடும்.

கத்தரிக்கோலை எடுத்தேன். பிறகு வைத்துவிட்டு அவளைக் கூப்பிட்டேன்.

“அக்கா, திரை குட்டையா இருக்கு.”

“நீ சொன்ன அளவுதான்.”

“தெரியும். தப்பா எடுத்துட்டேன். நீ வந்து அளந்து பிரிச்சுத் தா. நான் முனையப் பிடிக்கிறேன்.”

“கடையில வேலை குவிஞ்சு கிடக்கு” என்றாள். பிறகு, “பாப்போம்” என்றாள்.

எங்கள் வீட்டில் ‘பாப்போம்’ என்றால் வருவேன் என்றும் இல்லை, மாட்டேன் என்றும் இல்லை. கத்தரிக்கோலை நான் மறுபடி எடுக்கவில்லை. தினமும் காலையில் அந்த நான்கு விரல் இடைவெளியில் வெயில் புகுந்து நாற்காலி வரை வருகிறது. ஸ்டூலை ஜன்னலடியிலேயே போட்டு வைத்திருக்கிறேன். அக்கா இன்னும் வரவில்லை.